வரம்புக்கு உட்பட்ட ஜெரால்டு

ஜெரால்டை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். திருக்கோகர்ணத்தில் அவனுடைய விளக்குக் கடைக்கு நேர் எதிரே என்னுடைய போட்டோ ஸ்டூடியோ. ஓர் ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள எதிர்க்கடைக்காரனுக்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. வாடிக்கையாளர் வரும்போது எப்படிச் சிரிக்கிறான், அவர் படியிறங்கியதும் அந்தச் சிரிப்பை எவ்வளவு சீக்கிரம் முகத்திலிருந்து எடுக்கிறான் என்று பார்த்தால் போதும். ஜெரால்டு சட்டென்று எடுப்பான்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தான். படித்தான் என்று அவன் சொல்கிறான். பிறகு துபாய்க்குப் போய் ஒரு விளக்குக் கம்பெனியின் குடோனில் வேலை பார்த்தான். அங்கே அவனுக்கு அட்டைப்பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கி அடுக்குவதும், அடுக்கியதை லாரியில் ஏற்றுவதும்தான் வேலை. அந்த வேலையில் கேவலம் எதுவும் இல்லை. ஊருக்குத் திரும்பிவந்து 'லைட்டிங் இன்ஜினியராக இருந்தேன்' என்று சொன்னானே, அதுதான் கேவலம். பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. உள்ளே எந்தச் சரக்கு இருந்தாலும் விற்பது அட்டைதான்.

ஷர்லி கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. இயற்பியல் படித்துவிட்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். துபாய் மாப்பிள்ளை என்று பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு ஜெரால்டு துபாய் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பெயரையும் ஒட்டி 'ஜெர்லி லைட்ஸ்' என்று கடைக்குப் பெயர் வைத்தான். பெயரில் அவருக்குப் பாதி இடம் கொடுத்தான். வேலையில் முழுவதையும் கொடுத்தான். சரக்கு வரவு, பில், பார்சல், டெலிவரி எல்லாம் ஷர்லி. கடையின் பின்னால் தகரக் கொட்டகையில் பெண்கள் சிலர் உட்கார்ந்து விளக்குகளுக்குள் பாகங்களைப் பற்றவைப்பார்கள். அவர்களுக்கு மேற்பார்வை அமுதவல்லி. ஜெரால்டு முன்னால் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசுவான்.

முதலில் வீட்டு பல்புகள் செய்தார்கள். பிறகு ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளுக்கு மேல்தள விளக்கு. நம் மாவட்டத்தின் கடல் முனை அது. படகின் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு. பழைய குண்டு பல்பைப்போல பேட்டரியைக் குடிக்காது, வலை இழுக்கும்போது மேல்தளம் பகல்போலத் தெரியும். வியாபாரம் நன்றாக நடந்தது. அதுவரை சொல்லப் பெரிதாக எதுவுமில்லை.

இந்த விளக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட், மின்சாரத்தை நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி ஒட்டுகிறது. அப்படி வெட்டும்போது ஒருவித மின் இரைச்சல் கிளம்பி, ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் கசிகிறது. நம் காதுக்கு அது கேட்காது. ரேடியோவுக்குக் கேட்கும், படகில் இருக்கும் வயர்லெஸ் செட்டுக்கு நன்றாகவே கேட்கும். அதை அடக்க உள்ளே காயில் என்கிற ஒரு கம்பிச்சுருளும் இரண்டு கெப்பாசிட்டரும் வைக்க வேண்டும். எவ்வளவு இரைச்சல் கசியலாம் என்று அரசாங்கத்தில் ஒரு வரம்பும் உண்டு. பழைய வரம்பு கீழ் அலைவரிசைகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதனால் காயில் இல்லாமலே பலர் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விதி மாறியது. புதிய வரம்பு, படகு வயர்லெஸ் பேசும் அலைவரிசையையும் தாண்டி மேலே போனது. இதெல்லாம் ஷர்லி எனக்கு விளக்கிச் சொன்னது. ஜெரால்டிடமும் இதையேதான் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியல, காதுக்குக் கேக்கல, மூக்குக்கு மணக்கல" என்று ஜெரால்டு டீக்கடை வாசலில் நின்று கத்தினான். "அதுக்கு ஒரு லிமிட்டு. அந்த லிமிட்ட மாத்துறதுக்கு ஒரு கூட்டம். வேல இல்லாதவன்லாம் டெல்லியில ஒக்காந்து நம்ம வயித்துல அடிக்கிறான்."

அன்று சாயங்காலம் ஷர்லி கடையில் ஒரு ரேடியோவை வைத்து, பக்கத்தில் படகு விளக்கைப் போட்டுக் காட்டினார். பேசிக்கொண்டிருந்த குரல், எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல ஒரு சத்தத்துக்குள் மூழ்கிப் போனது. விளக்கை அணைத்தார், குரல் வந்தது. போட்டார், போனது. நான் என் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பக் கேக்குதாங்க?" என்றார்.

"கேக்குது கேக்குது. இந்தக் காலத்துல எவன் ரேடியோ கேக்குறான்?"

"கடல்ல போறவுக செட்டு இதே மாதிரிதாங்க. காத்து வருது, திரும்புங்கன்னு கூப்புட்டா அவுகளுக்குக் கேக்கணும்ல?"

"அவன்ட்டதான் செல்போன் இருக்குல்ல."

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இருக்காது என்பது ஜெகதாப்பட்டினத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். படகுக்காரர்களுக்கு விளக்கு விற்கிறவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ள அவசியம் இருக்கவில்லை.

அதன் பிறகு அவன் செய்த இரண்டு காரியங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய ஜெரால்டைப் போன்ற ஆளால்தான் முடியும்.

முதல் காரியம், மற்ற கடைக்காரர்கள் விழிக்கும் முன்னால் புதிய வரம்பில் சான்று வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்தான். நல்ல காயில், நல்ல கெப்பாசிட்டர், தகரக் கவசம் எல்லாம் போட்டு அமுதவல்லியிடம் ஐந்தாறு விளக்குகள் மட்டும் செய்யச் சொன்னான். அவை சென்னைக்குச் சோதனைக்குப் போயின, பாஸ் ஆயின. வந்த சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். விளக்கு அட்டையில் 'புதிய வரம்புக்கு உட்பட்டது, வயர்லெஸ் செட்டுக்குப் பாதுகாப்பானது' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்தான். அதற்குப் பிறகு செய்த விளக்குகளில் காயிலும் இல்லை, கவசமும் இல்லை. அவை உட்கார வேண்டிய இடம் சர்க்யூட் பலகையில் பல் விழுந்த ஈறுபோலக் காலியாக இருந்தது.

"காயில் இல்லாமயே பெட்டியில போடச் சொல்றாரேக்கா" என்று அமுதவல்லி கேட்டபோது, ஷர்லி போய் அவனிடம் கேட்டார்.

"அடுத்த லோடுல போட்டுருவோம். சரக்கு வரல" என்றான்.

காயில் நிறைய வந்து பரண்மேல் கிடந்தது. ஷர்லிக்கு அது தெரியும். பரணில் ஏறி எண்ணி வைத்ததே அவர்தான். அன்றைக்கே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அடுத்த லோடு, அடுத்த லோடு என்று அவரும் கொஞ்ச காலம் நம்பினார், அல்லது நம்புவதுபோல இருந்துகொண்டார். சிவப்பு எழுத்து அட்டைகளை ஒட்டிப் பார்சல் கட்டினார்.

இரண்டாவது காரியம் சங்கம். விளக்கு தயாரிக்கும் சிறு கடைக்காரர்களுக்கு மாவட்டத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் தயாரிப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம். அதில் ஜெரால்டு பொருளாளர். புதிய வரம்பை ஒத்திப்போடச் சொல்லி மனுக்கொடுக்கச் சென்னைக்கு ஒரு குழு போனது. இவன்தான் முன்னால் நின்று பேசினான். புதிய வரம்புக்குள் விளக்குச் செய்வது சின்னத் தொழில்காரர்களால் முடியவே முடியாது, தொழில்நுட்பம் கிடையாது, நாங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடுவோம் என்று கண் கலங்கினானாம். கூடப் போனவர்கள் வந்து பெருமையாகச் சொன்னார்கள். அதே நேரத்தில் இங்கே அவன் கடையில், புதிய வரம்புக்குள் செய்துவிட்டோம் என்கிற அட்டை கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது.

ஒத்திப்போட்டார்கள். பழைய வரம்பின்படி செய்ததை இன்னும் ஓராண்டு விற்கலாம் என்று உத்தரவு வந்தது. எத்தனையோ ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள், பெரிய கம்பெனிகளும் கேட்டிருக்கும். ஆனால் திருக்கோகர்ணத்தில் அது ஜெரால்டு தனியாளாக வாங்கிவந்ததாக ஆயிற்று. பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் வைத்தார்கள். கோட்டு போட்ட ஜெரால்டு கையை நீட்டி வானத்தைக் காட்டுகிறான். 'வரம்பை வென்ற வேங்கையே' என்று எழுத்து. மின் இரைச்சல் என்றால் என்னவென்று தெரியாத முப்பது பேர் சால்வை போட்டார்கள். வேங்கை எல்லாச் சால்வையையும் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

அந்த அட்டையை நம்பி விளக்கு வாங்கியவர்களில் ஜெகதாப்பட்டினம் ராக்கனும் ஒருவர். விசைப்படகு டிரைவர். கடலில் முதிர்ந்த ஆள், வளவளவென்று பேசமாட்டார். விளக்கை மாட்டிய பிறகு வயர்லெஸ் செட்டில் எந்நேரமும் இரைச்சல். அது அவருக்குப் புரியவில்லை. செட் பழசாகிவிட்டது என்று நினைத்தார். செட்டில் ஒரு திருகு இருக்கும். அதைக் கூட்டினால் இரைச்சல் அடங்கும். ஆனால் தூரத்திலிருந்து மெலிதாக வரும் குரலும் சேர்ந்து அடங்கிப்போகும். விளக்கு எரியும்போதெல்லாம் ராக்கன் அந்தத் திருகைக் கூட்டிவைத்தார். காதில் ஓயாமல் கரகரத்துக்கொண்டிருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள். காலையில் தெளிவாக இருந்த வானம் மதியத்துக்கு மேல் கறுத்தது. பகலிலேயே மேல்தளத்தில் கயிறு தெரியாத இருட்டு. ராக்கன் விளக்குகளைப் போட்டார். இரைச்சல் வந்தது, திருகைக் கூட்டினார். கரையிலிருந்தும் மற்றப் படகுகளிலிருந்தும் காற்று வருகிறது, வலையை எடுத்துக்கொண்டு திரும்புங்கள் என்று கூப்பிட்டார்கள். சுற்றியிருந்த படகுகள் திரும்பின. மழைத்திரையில் அவை போனது ராக்கனுக்குத் தெரியவில்லை. அவருடைய செட் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது.

காற்று வந்து அடித்தபோது வலை பாதி தண்ணீரில் இருந்தது. இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. வலை இழுக்கும் வின்ச்சருகே நின்ற ஜஸ்டின், கம்பி பிசகி ஓடுவதைப் பார்த்துத் தள்ளிவிடக் கையை நீட்டினார். வலது கை கம்பிக்கும் உருளைக்கும் நடுவே போய்விட்டது. ராக்கன் வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பினார். யாருக்கும் உயிர் போகவில்லை. ஜஸ்டினுக்குக் கட்டைவிரலும் அதன் பக்கத்து விரலும்தான் மிஞ்சின. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

திரும்பும் வழியில் விளக்கை அணைத்தபோதுதான் செட்டின் இரைச்சல் நின்றதைக் கவனித்ததாக ராக்கன் பிறகு சொன்னார். கரைக்கு வந்து, துறையில் நிறுத்திவைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். அவ்வளவுதான், விஷயம் தெரிந்துவிட்டது. விளக்கைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் திருக்கோகர்ணம் வந்தார்.

நான் அப்போது ஜெர்லி லைட்ஸில் இருந்தேன், ஸ்டூடியோவுக்கு ஒரு பல்பு வாங்கப் போயிருந்தேன். ராக்கன் நடந்ததைச் சொன்னார். சத்தம் போடாமல் சொன்னார்.

ஜெரால்டு முழுவதும் கேட்டான். இடையில் ஒருமுறை உச்சுக்கொட்டினான். பிறகு, "செட்டு என்ன மாடலுண்ணே?" என்றான்.

"செட்டுல ஒண்ணுமில்ல சார். வெளக்க அணச்சா நல்லாப் பேசுது."

"அப்புடிச் சொல்லாதீங்க. லைட்டு சர்டிபிகேட் வாங்குன லைட்டு. மேல பாருங்க, மாட்டியிருக்கு. ஒங்க படகு ஒயரிங்ல எர்த்து சரியில்லாம இருக்கும். அதுக்கும் நம்மட்ட சாமான் இருக்கு." கீழே குனிந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். "பவர் கார்டு, காவக்காரன் மாதிரி. இத லைட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மாட்டிட்டா எரைச்சலே இருக்காது. புதுசா வந்துருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க, ஒங்களுக்குக் கொறச்சுப் போடுறேன்."

அது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. பில் மேசையில் இருந்த ஷர்லிக்குத் தெரிந்தது. எழுந்துவந்து அந்தப் பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே காயில், இரண்டு கெப்பாசிட்டர். பரண்மேல் கிடந்த அதே காயில். விளக்கிலிருந்து எதை எடுத்தானோ, அதையே தனியாகப் பெட்டியில் போட்டு விற்க வைத்திருக்கிறான். அவருக்குத் தெரியாமல் வேறு எங்கோ கொடுத்துச் செய்து வாங்கியிருக்கிறான்.

ஷர்லி ராக்கனைப் பார்த்தார். "கையி போனவரு இப்ப எங்க இருக்காருங்க?"

"ஆசுபத்திரியிலதாம்மா. அடுத்த மாசந்தான் கட்டுப் பிரிப்பாங்க."

"இவரு சொல்றத வாங்காதீங்க. இந்தச் சாமான் லைட்டுக்குள்ளயே இருந்திருக்கணும்."

"ஷர்லி, நீ உள்ள போ" என்றான் ஜெரால்டு. சிரிப்பை இன்னும் முகத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

அவர் உள்ளே போகவில்லை. ராக்கனோடு வெளியே வந்து, பஸ் வரும்வரை நின்று பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் புதுக்கோட்டையில் மீனவர் குறைதீர் கூட்டம். விளக்கு விஷயம் வருகிறது என்று தெரிந்து, சங்கத்தின் சார்பில் ஜெரால்டும் வந்திருந்தான். கூடவே ஷர்லியும். அவள் நமக்காகப் பேசத்தான் வருகிறாள் என்று அவன் நினைத்திருக்கிறான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவியின் முகத்தை ஒருதடவையாவது சரியாகப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டான். அன்று படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் நானும் அங்கே இருந்தேன்.

ராக்கன் மீன் டிரேயில் பேட்டரி, விளக்கு, வயர்லெஸ் செட் மூன்றையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மண்டபத்துக்கு வெளியே படிக்கட்டில் இன்னொருவர் வேறொரு செட்டோடு நின்று பேசினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா ராக்கண்ணே" என்று தெளிவாகக் கேட்டது. ராக்கன் விளக்கைப் போட்டார். மண்டபம் முழுக்கக் கரகரவென்று நிறைந்தது. படிக்கட்டில் நின்றவரின் குரல் செட்டில் இல்லை. கதவு வழியாக நேரே கேட்டது, செட்டில் கேட்கவில்லை.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜஸ்டின் தலையைத் தூக்கவே இல்லை.

கூட்டத்தை நடத்திய அதிகாரி ஒரு பெண். ஜெரால்டைப் பார்த்து, "என்ன சொல்றீங்க?" என்றார்.

ஜெரால்டு எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "மேடம், நடந்ததுக்கு நாங்க ரொம்ப வருத்தப்படுறோம். ஆனா சட்டப்படி பாத்தீங்கன்னா புது லிமிட்டுக்கு ஓராண்டு டைம் குடுத்திருக்காங்க. இது பழைய லிமிட்படி செஞ்ச சரக்கு. பழைய லிமிட்ல இந்த அலைவரிசையே கெடையாது. அதுனால எங்க மேல தப்புன்னு யாரும் சொல்ல முடியாது. உத்தரவு நகல் கையில இருக்கு மேடம்."

பின்வரிசையில் சங்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். ஒரு மனிதனின் விரல்கள் போன கதை பேசப்படும் இடத்தில் கைதட்டலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஷர்லி எழுந்தார். பையிலிருந்து விளக்கு அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் முன்னால் வைத்தார்.

"என் பேரு ஷர்லி மேடம். இவரோட வொய்ஃப்தான். இந்த அட்டையில என்ன போட்டிருக்குன்னு படிங்க."

அதிகாரி வாசித்தார். "புதிய வரம்புக்கு உட்பட்டது. வயர்லெஸ் செட்டுக்குப் பாதுகாப்பானது."

"புது லிமிட்டுன்னு சொல்லித்தான் வித்தோம் மேடம். பழைய சரக்குன்னு சொல்லி ஒண்ணுகூட விக்கல. சோதனைக்கு அனுப்புன லைட்டுல காயில் இருந்துச்சு. இவுகளுக்குக் குடுத்ததுல இல்ல. எடுத்துட்டோம். நான்தான் பார்சல் கட்டுனேன், எனக்குத் தெரியும். வேணும்னா இந்த லைட்ட இப்பவே பிரிச்சுப் பாருங்க."

ஜெரால்டு சிரித்தான். "மேடம், பொம்பளைங்களுக்கு இந்த டெக்னிக்கல்லாம் அவ்வளவாப் புரியாது. ஏதோ குடும்பத்துல சின்ன மனஸ்தாபம்..."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நானும் பொம்பளைதான். எனக்குப் புரியுதான்னு பாப்போம். ஸ்க்ரூ டிரைவர் இருக்கா யார்ட்டயாவது?"

ராக்கனிடம் இருந்தது. விளக்கைப் பிரித்தார்கள். காலியிடம் எல்லோருக்கும் தெரிந்தது. ஜெரால்டு அப்போதும் உட்காரவில்லை. "அது வேற மாடல் மேடம்" என்றான். பிறகு, "அமுதவல்லின்னு ஒரு பொண்ணு, அது மறந்துபோய் விட்டிருக்கும்" என்றான். பிறகு, "பார்ட்ஸ் அனுப்புன டெல்லிக்காரன் ஏமாத்திட்டான்" என்றான். பொய்யிலாவது ஓர் ஒழுங்கு வேண்டும். மூன்று பொய்யும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன. ஜஸ்டின் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அருவருப்புதான் இருந்தது, சோற்றில் எதையோ கண்டவர்போல.

கடைக்கு சீல் வைத்தார்கள். விற்ற விளக்குகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஜஸ்டினுக்கான வழக்கு தனியாக நடக்கிறது. அன்று வீடு திரும்பும்போது ஆட்டோவில் ஜெரால்டு ஷர்லியிடம் கேட்டது இதுதானாம்: "ஒனக்கு நான் என்ன கொற வச்சேன்?" மறுநாள் ஷர்லி இரண்டு பையோடு கிளம்பினார். கந்தர்வக்கோட்டைக்குப் போகவில்லை. எதிர்த்திசையில், கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே வாடகை வீட்டில் இருந்துகொண்டார்.

திரும்பப் பெறும் உத்தரவை ஜெரால்டு மதிக்கவில்லை, மேல்முறையீடு என்று இழுத்தான். செய்தது ஷர்லி. சீல் வைப்பதற்கு முன்பே பரணிலிருந்த காயில்களை ஒரு சாக்கில் கட்டி எடுத்துவந்திருந்தார். விடுமுறை நாள்களில் அமுதவல்லியைக் கூப்பிட்டுக்கொண்டு துறைக்குப் போய், படகு படகாக ஏறி, விளக்கைக் கழற்றி, காலியிடத்தில் காயிலைப் பற்றவைத்து, செட்டைப் போட்டுப் பேசிப்பார்த்துவிட்டு இறங்குவார். முதல் வாரம் சிலர் திட்டினார்கள். திட்டியதை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். பார்சல் கட்டிய கை இதையும் செய்யட்டும் என்று அமுதவல்லியிடம் சொன்னாராம். வேறு யாரிடமும் இதைப் பற்றி அவர் பேசியதில்லை.

ஜெரால்டு என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஓராண்டு முடிந்து புதிய வரம்பு நடைமுறைக்கு வந்தபோது, சுற்று மாவட்டத்துச் சிறு கடைக்காரர்களெல்லாம் தவித்துப்போனார்கள். சோதனைக்கு எப்படி அனுப்புவது, என்ன எழுதுவது, யாரைப் பார்ப்பது? இதையெல்லாம் ஏற்கெனவே செய்த ஆள் யார்? ஜெரால்டு. இப்போது அவன் 'மின் உமிழ்வு ஆலோசகர்'. விசிட்டிங் கார்டில் மின் இரைச்சலுக்கு அதுதான் பெயர். சோதனைக்குப் போகும் விளக்கை எப்படித் தனியாகத் தயாரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறான். சங்கம் அவனைத் தலைவராக்கிவிட்டது. ஒரு கல்லூரியில் 'வரம்புகளை மதிப்போம்' என்று மாணவர்களுக்குப் பேசிவிட்டு வந்தான். சால்வைகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சால்வை போட்ட அத்தனை பேருக்கும் கூட்டத்தில் நடந்தது தெரியும். தெரிந்துதான் போட்டார்கள். அவர்களுக்கும் சான்றிதழ் தேவைப்படுகிறது.

போன மாசி மாதத்தில் அவன் ஜெகதாப்பட்டினம் போயிருந்தான். அமுதவல்லி சொல்லித்தான் எனக்குத் தெரியும். துறையில் ஒரு படகின் மேல்தளத்தில் ஷர்லியும் அமுதவல்லியும் உட்கார்ந்து விளக்கு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜஸ்டினும் கூட இருந்தார். வின்ச் வேலைக்குப் போக முடியாமல் போனபின், ஷர்லியோடு சேர்ந்து இந்த வேலையைப் பழகிக்கொண்டிருக்கிறார். மிஞ்சியிருக்கும் இரண்டு விரலால் விளக்கை அசையாமல் பிடிப்பார், இடது கையால் பற்றவைப்பார்.

ஜெரால்டு கீழே நின்று, "ஷர்லி, கொஞ்சம் எறங்கி வா. நல்ல விஷயம்தான்" என்றான்.

"அங்கிட்டே நின்னு சொல்லுங்க, கேக்குது."

"புது மாடல் ஒண்ணு போடப்போறேன். இந்தத் தடவ காயிலோட. நெசமாவே காயிலோட. ஒன் பேர இப்ப இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நீ வந்து நின்னா ஒரு பயலும் கேள்வி கேக்காம வாங்குவான்."

கோபமே வரவில்லை, சிரிப்பும் வரவில்லை என்று ஷர்லி பின்னால் அமுதவல்லியிடம் சொல்லியிருக்கிறார். "பஸ்ஸு அஞ்சு மணிக்கு இருக்குங்க. இத விட்டா எட்டு மணிக்குத்தான். கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு வேலையில் குனிந்துவிட்டார்.

அவன் போகாமல் நின்றான். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜஸ்டினைப் பார்த்து, "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றான்.

ஜஸ்டின் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, பாட்டிலை வலது கையின் இரண்டு விரலிலும் உள்ளங்கையிலுமாகப் பிடித்து, குனிந்து நீட்டினார். ஜெரால்டு வாங்கி அண்ணாந்து குடித்தான். சட்டையில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான். கூட்டத்தில் ஓர் அரை நாள் முழுக்க எதிரில் உட்கார்ந்திருந்த ஆளை, அந்தக் கையைப் பார்த்த பிறகும், அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"தேங்க்ஸ் தம்பி. ஊர்ல யாருக்காச்சும் எலெக்ட்ரிக்கல் சர்டிபிகேட் வேல இருந்தாச் சொல்லு" என்று விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து அந்தக் கையிலேயே வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

"யாருன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று அமுதவல்லி கேட்டார்.

"எதுக்குக்கா?" என்றார் ஜஸ்டின். "அந்தாளுக்குத் தெரிஞ்சு நமக்கு என்ன ஆவப்போவுது. அந்த ஒயர இங்கிட்டுக் குடுங்க, வெளிச்சம் போறதுக்குள்ள இதுல மாட்டிப்புடுவோம்."